சட்டைக் காலரில் பிசுக்கு

டீச்சரம்மா,

நீ குளித்து வருவதற்குள் கிளம்புகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று என் சட்டைக் காலரில் என்ன பிசுக்கு என்று கேட்டாய். உன்மேல் எரிந்து விழுந்தேன். அது கழுத்தை ஸ்கேன் எடுக்கத் தடவிய ஜெல். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். பிய்ந்து போனால் பக்கவாதம் வரலாமாம்.

"நாளைக்கு வரும்போது வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். "யாரும் இல்ல டாக்டர்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். உப்பைக் குறைத்தாய் என்று தட்டைத் தள்ளியவன், எந்த முகத்தோடு உன்னைக் கூப்பிடுவேன்?

இன்று ஆஸ்பத்திரிக்கு நீயும் வருவதானால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. பெரியவள் வந்தால் தேடுவாள்.

பி.கு.: இன்னும் போகவில்லை. யாரும் இல்லை என்றவன், கீழே படிக்கட்டில் உன் செருப்புச் சத்தத்துக்காக உட்கார்ந்திருப்பான்.