கிழவர் உயர்த்திக் காட்டிய காகிதம்

இன்று காலையில் உங்கள் பேத்தி சரித்திரப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். பரீட்சையாம். காப்பி டம்ளரோடு எட்டிப் பார்த்தேன். விமானத்திலிருந்து இறங்கி நின்று ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டுகிறார் அந்த இங்கிலாந்துப் பிரதம மந்திரி. அமெரிக்காவில் இந்த ஜெர்சி சிட்டி வரைக்குமா இந்தக் கிழவர் என்னைத் துரத்திக்கொண்டு வர வேண்டும்?

இதே படத்தைப் பேப்பரில் காட்டியவர் நீங்கள்தானே. அப்போது எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் மாவாட்ட, நீங்கள் உரக்க வாசிப்பீர்கள். கோலமாவால் அடுக்களைத் தரையில் ஐரோப்பாவே வரைந்துவிடுவீர்கள். இத்தாலிக்காரன் அபிசீனியாவுக்குள் நுழைந்தான். ஜெர்மன்காரன் ரைன் நதிக்கரையில் பட்டாளத்தை இறக்கினான், ஆஸ்திரியாவை விழுங்கினான். அப்புறம் செக் நாட்டின் மலையோரத்தைக் கேட்டான். எடுத்துக்கொள் என்று இங்கிலாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் விட்டுவிட்டார்கள்.

"இந்தக் காகிதத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு புள்ள. இனிமே சண்டை கிடையாது. நான் தைரியமா ரங்கூனுக்குக் கப்பலேறலாம்."

"உங்க தம்பி பொண்டாட்டி முதல்ல உருளியக் கேட்டா, குடுத்தோம். அப்புறம் மாடியில மச்சறையக் கேட்டா, குடுத்தோம். அதோட நின்னாளா? இவன் மட்டும் நிப்பானாக்கும்!"

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "ஜெர்மனிக்கும் உன் ஓரகத்திக்கும் முடிச்சுப் போட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்!"

அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு கதை.

ரங்கூன் அரிசி ஆலையில் உங்களுக்குக் குமாஸ்தா வேலை. போக வேண்டாம் என்று கெஞ்சினேன், அழுதேன், கடைசியில் பேச்சையே நிறுத்தினேன். கிளம்பிய அன்று கைக்குழந்தையை முகர்ந்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்றீர்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தரமும் சொன்னீர்கள். நான் முகத்தைத் திருப்பவில்லை.

ஒரு வருஷத்துக்குள் சண்டை வந்தது. பின்னால் ரங்கூனிலும் குண்டு விழுந்தது. பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து ஊர் சேர்ந்தவர்களிடமெல்லாம் உங்களைக் கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே கடிதத்தில் நாம் சமாதானமாகிவிட்டோம்தான். ஆனால் "போயிட்டு வாங்க" என்பது வாசலில் நின்று சொல்ல வேண்டிய வார்த்தை அல்லவா? ஜெர்மன்காரன் நிற்க மாட்டான் என்று நான் சொன்னதுதான் சரியாயிற்று. சரியாகி என்ன கண்டேன்? ஒருதரம் வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போங்களேன்.

உங்கள் மகன் ரயிலேறி மன்ஹாட்டனுக்கு ஆபீஸ் போகிறான். அவன் ஷூ மாட்டும்போதே வாசலுக்கு வந்துவிடுவேன். குப்பைப் பையை வெளியே வைக்கப் போனாலும், "போயிட்டு வாப்பா" என்கிறேன்.

"அத்தே, அவர் கேட் வரைக்கும்தான் போறார்" என்று மருமகள் சிரிக்கிறாள்.

சிரிக்கட்டும். "வரேம்மா" என்று அவன் வாயால் கேட்ட பிறகுதான் நான் உள்ளே போவேன்.