மேகம் விலகிய படம்

நவம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நானும் சின்னவளும் பள்ளிக்கூட மாடியில் இருக்கிறோம், உயிருக்குப் பழுதில்லை. போனில் சிக்னல் இல்லை. நிவாரண வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆறு நம் தெருவையே வாரிக்கொண்டு போய்விட்டது. உன் அத்தான் திங்கட்கிழமை, லாரியை மேட்டில் நிறுத்தப் போனவர். "கதவைத் தாழ் போடாதே, இதோ வந்துடுறேன்" என்றார். இன்னும் காணோம்.

நீதான் மேப் கம்பெனியில் வானத்துப் படங்களோடு குடும்பம் நடத்துகிறவனாயிற்றே. அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துச் சொல்லடா.

உன் அக்கா

நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. ஆனால் எங்கள் வானத்துப் படம் நீ நினைக்கிற மாதிரி நேரடி ஒளிபரப்பு இல்லை. செயற்கைக்கோளும் எங்களுடையது அல்ல. அது ஓர் இடத்தின் மேல் கடக்கும்போது எடுத்த படங்களை மற்றவர்களிடம் வாங்குகிறோம். மேகம் விழுந்தவற்றைத் தள்ளிவிட்டுத் தெளிவானவற்றை ஒட்டுவது என் வேலை. அதனால் எங்கள் மேப்பில் மழையே பெய்வதில்லை. உன் தெரு அதில் இன்னும் போன வருடக் கோடையில் காய்ந்துகொண்டிருக்கிறது.

திங்கட்கிழமைப் படத்தைத் தனியாக வரவழைத்துப் பார்த்தேன். முழுக்க வெள்ளை. மனிதர் அதில் ஒரு புள்ளிக்குக்கூடத் தேறமாட்டார். அத்தான் எங்காவது கரையேறியிருப்பார். மனதைத் தளரவிடாதே.

தம்பி

நவம்பர் 13

தம்பி,

மனிதர் தெரியாவிட்டால் லாரி தெரியாதா? மேலே ஆரஞ்சுத் தார்ப்பாய். நடுவில் நான் தைத்த நீல ஒட்டு, கட்டில் அளவு இருக்கும். "லாரிக்கு ரவிக்கை தச்சுட்டியே" என்று கேலி செய்வாரே, அதுதான். இங்கே ஆளுக்கொரு பேச்சு. ஒருத்தர் அக்கரையில் பார்த்தேன் என்கிறார். படகுக்காரர்களோ, "இவ்வளவு பெரிய ஆத்துல எங்கேன்னும்மா தேடுறது?" என்கிறார்கள்.

மேகம் விலகின நாளில் படம் எடுத்திருக்க மாட்டார்களா? தேடு. எது தெரிந்தாலும் மறைக்காதே. என் மேல் ஆணை.

அக்கா

நவம்பர் 17

அக்கா,

வெள்ளிக்கிழமை எடுத்த படம் கிடைத்தது. இதை எழுதாமலிருக்க வழி தேடினேன், நீ ஆணையிட்டுவிட்டாய். பாலம் தாண்டி ஆறு வளைகிற இடத்தில், மணல்திட்டின் ஓரம், ஆரஞ்சாக ஒரு கட்டம். நடுவில் நீலம். வேறு ஏதாவதாக இருக்கக் கூடாதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது.

இடத்தை நிவாரண அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். அத்தான் முன்னாலேயே வெளியே குதித்திருக்கலாம். இருக்கலாம் அக்கா. ரயில் ஓட ஆரம்பித்ததும் வருகிறேன்.

தம்பி

நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்ன இடத்தில்தான் லாரி கிடந்தது. அவரும் உள்ளேதான் இருந்தார். நேற்று எல்லாம் முடிந்தது.

உன்னால்தான் கிடைத்தார் என்று எல்லோரும் உன்னை வாழ்த்துகிறார்கள். நானும் வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் உன் கடிதம் வரும்வரை அவர் ஏதோ ஒரு கரையில், யார் வீட்டிலோ, காய்ச்சலோடு படுத்திருந்தார். இன்றைக்கு எழுந்து நடந்துவிடுவார் என்று காலையில் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பும் போய்விட்டது.

சின்னவள் கேட்கிறாள்: "மாமா மேலேருந்து பாத்தாரே, அப்போ அப்பா கையைக் காட்டினாராம்மா?" என்ன சொல்ல?

வருவதாக எழுதியிருந்தாய். இப்போது வராதே. கோபமில்லை, பார்க்கச் சொன்னவள் நான்தான். உன் முகத்தைப் பார்க்கிற தெம்புதான் எனக்கில்லை. நானாகக் கூப்பிடுகிறவரை பொறு. கூப்பிடாவிட்டாலும், நீ நன்றாக இரு.

அக்கா