நாலு மூலையிலும் மஞ்சள்

1996 மார்ச் 12, செவ்வாய்

சாயங்காலம் இவரோடு பெரிய சண்டை. பீடி சுற்றும் பெண்கள் கூலி உயர்வு கேட்டு நடத்தும் கூட்டத்துக்கு நான்தான் சுவரொட்டி வரைந்தேன். தம்பி கலிபோர்னியாவிலிருந்து அனுப்பிய சிக்கானோ சுவரொட்டிதான் மாதிரி. திராட்சைத் தோட்டத்தில் கூலி கேட்டு நின்ற மெக்சிகோ வம்சாவளி ஜனங்களுக்காக அவர்களுடைய ஓவியர்களே அச்சடித்தது. சிவப்பும் கறுப்பும் மட்டும்; பார்த்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். என்னுடையதும் அப்படித்தான் வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து எங்கள் அச்சகத்துக்குப் போனால், அதுவரை அச்சடித்த அத்தனை தாளிலும் நாலு மூலைக்கு மஞ்சள் தடவி வைத்திருக்கிறார்! கல்யாணப் பத்திரிகைக்குத் தடவித் தடவிப் பழகிய கை.

"ஏளா, பழக்கத்துல கை தானா தடவிட்டு. என்ன செய்ய?" என்று அசடு வழிந்தார். நான் விடாமல் கத்த, அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

சுவரொட்டி வாங்க வந்த பீடிக்காரப் பேச்சியக்கா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு! பயந்துக்கிட்டு இருக்கவளும் இனி வந்துருவா."

வீட்டுக்கு வந்து தம்பி அனுப்பியதை மறுபடி பார்த்தேன். மேல் ஓரத்தில் ஒரு காகிதத் தோரணம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கட்டுவது என்று தம்பி கூடவே எழுதியிருந்தான். நான்தான் வேண்டாத அலங்காரம் என்று என் சுவரொட்டியில் விட்டுவிட்டேன்.

இவர் கோபமாகவே தூங்கிவிட்டார். விரல் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. நாளை அச்சடிக்கும் மீதித் தாளுக்கு நானே மஞ்சள் குழைத்துக் கொடுக்க வேண்டும்.