பத்து நிமிஷம் பார்த்துட்டுச் சொல்றேன்

பர்ன்லி,
நவம்பர் 12, செவ்வாய்

அன்பு மகள் ஹேலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போதுமே தனிக்கட்சி. அங்கே மாண்ட்ரியாலில் நீயும் மாப்பிள்ளை எட்டியெனும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். அங்கே இப்போதே பனி கொட்டுகிறதாமே, தொப்பி போடாமல் வெளியே போகாதே, உன் காது சின்ன வயதிலிருந்தே தொல்லை பிடித்த காது. இதோடு வரும் பார்சலில் நாலு பெட்டி டீத்தூள் பைகளும் கிரேவிப் பொடி டப்பாக்களும் இருக்கின்றன, போன தடவை மாதிரி எட்டியென் கிரேவிப் பொடியைக் காபி என்று நினைத்துக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அப்பா சமையலறையில் இருந்தாலும் அவர் காது போன் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது, அதனால்தான். பிப்ரவரியிலிருந்து நீயும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஒன்பது மாதமாக நடுவில் நின்று நானே இரண்டு பக்கமும் செய்தி சுமக்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவுடன் அவர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுகிறார், குப்பை வண்டி வருவதோ வியாழக்கிழமை. அந்தத் தொட்டி இப்போது எங்கள் இருவரையும்விட அதிகமாகக் காற்று வாங்குகிறது.

பழைய வீடியோ ஆட்ட வட்டுகளை வாங்கி விற்கும் நம் கடையை மூடிவிட்டோம் என்று சொன்னேனே தவிர எப்படி மூடினோம் என்று சொல்லவில்லை. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை, எல்லாரும் துக்கம் கேட்க வந்தவர்கள். ஒரு ஆள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மூடுறீங்களா, இந்தக் கடை இல்லாம இந்தத் தெருவே தெருவா இருக்காதே" என்று கண்கலங்கினான். "கடைசியா எப்பப்பா இங்க வாங்கின?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டாயிரத்துப் பதினொண்ணு இருக்கும்" என்றான். பிறகு கடை வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான். படத்தையாவது விலைக்கு விற்றிருக்கலாம். இப்போது நம் இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசும் கடை வந்துவிட்டது, இந்தப் பக்கம் மின்சிகரெட் கடை, அந்தப் பக்கம் துருக்கிக்காரர் முடிவெட்டும் கடை. அப்பா அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி, பேருந்தைப் பார்ப்பதுபோல் நடிக்கிறார்.

மிச்சமான சரக்கை என்ன செய்தோம் என்று கேட்டால் சிரிப்பாய். எல்லாம் எப்படியோ போய்விட்டது, பழைய வருஷத்துக் கால்பந்து ஆட்ட வட்டு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு மிஞ்சியது. புது வருஷத்து ஆட்டம் வந்த அன்றே போன வருஷத்து ஆட்டம் செத்துவிடும், அது தெரிந்தும் கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்து ஐம்பது பென்ஸாவது கொடுத்து வாங்கிப் போடுவது உன் அப்பாவின் வழக்கம். பழைய சாமானைத் தானமாக வாங்கி விற்கும் தர்மக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே இருந்த அம்மாள், "எங்ககிட்டயே முந்நூறு கெடக்கு, நீங்க வேணா எடுத்துட்டுப் போறீங்களா" என்று கேட்டுவிட்டாள். கடைசியில் ரயில் பாதை ஓரத்தில் நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் காய்கறிப் பாத்தியில் அத்தனை வட்டுகளையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், பறவை வராதாம். புறாக்கள் அதில் முகம் பார்த்துவிட்டு முட்டைக்கோசைத் தின்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் நீ போனில், நீங்கள் அங்கே செய்த ஆட்டம் மே மாதம் வருகிறது, வட்டே கிடையாது, இணையத்தில் இறக்கிக்கொள்வது மட்டும்தான் என்று சொன்னாய். நம் கடையில் எப்ப வரும் என்று அவர் ஆசையாகக் கேட்டார். "யாருப்பா இப்பல்லாம் வட்டு வாங்கறாங்க" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அவர், "வெளியாளு குழி வெட்டினாப் பரவால்ல, எம்பொண்ணே மம்பட்டியத் தூக்கிட்டு வந்துட்டாளே" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்தார். நீ சொன்னதிலும் பொய்யில்லை, அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஒருவன் ஆடி முடித்ததை இன்னொருவன் வாங்கினால்தானே நமக்குச் சோறு, இறக்கிக்கொள்வதை யார் யாருக்கு விற்பது? ஆனால் உன் வேலையும் வேலைதானே, அதை நான் சொன்னபோது எனக்கும் இரண்டு நாள் பேச்சு நின்றது.

ஆகஸ்டில் நம் டகி வந்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், பிஸ்கட் கம்பெனியில் வேலை, பதினெட்டு வருஷமாகத் தினமும் கடைக்கு வந்து எல்லாப் பெட்டியையும் எடுத்துப் பின்பக்கம் படித்துவிட்டு, "நாளைக்கு வரேண்ணே" என்று போகிறவன். அன்றைக்கு முதல்முறையாக விற்க ஒரு பெட்டி கொண்டுவந்தான். உன் ஆட்டத்தின் பெட்டி. பல்பொருள் அங்காடியில் அதைப் பெட்டியிலும் விற்கிறார்களாம், உள்ளே வட்டு இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் அதில் ஒரு எண்ணும்தான், அந்த எண்ணை ஒருவன் ஒரு தடவை அடித்துவிட்டால் அதற்குப் பிறகு அது கிழித்த பேருந்துச் சீட்டு. டகி அடித்தாகிவிட்டது, அவனே சொன்னான், கேலிக்குத்தான் கொண்டுவந்தான். வேறு யாராவது இப்படிக் காலிப் பெட்டியோடு வந்திருந்தால் அப்பா வாசல்வரை துரத்தியிருப்பார். அன்றைக்குப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் பொடி எழுத்தில் உன் பெயர் இருக்கும் இடத்தில் கண்ணாடியை ஏற்றி இறக்கினார், கல்லாவைத் திறந்து நாலு பவுண்டு எடுத்துக் கொடுத்துவிட்டார். டகியே பயந்துபோய், "அண்ணே, உள்ள ஒண்ணும் இல்லண்ணே" என்றான். "எனக்குக் கண்ணு தெரியும்டா" என்றார்.

வாங்கியாயிற்று, ஷெல்ஃபில் வைக்க முடியவில்லை. நம் கடைச் சட்டம் உனக்குத் தெரியும், பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்காத சரக்கு வெளியே போகாது. இருபத்தாறு வருஷமாக உன் அப்பா உலகத்தில் உள்ள எல்லா ஆட்டத்திலும் முதல் பத்து நிமிஷம் ஆடியிருக்கிறார், எதிலும் பதினோராவது நிமிஷம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. இதை எதில் போட்டு ஓட்டுவது? பெட்டி கல்லாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது, தூசி தட்டுவார், வைப்பார். கடைசி நாள் சாவியைக் கொடுக்கும்போது டகி வந்து, "ஏண்ணே, கடைசிவரைக்கும் நீங்க ஆடிப் பாக்கவேயில்லையா, உள்ள நீங்கதான் இருக்கீங்க, மூணாவது ஊர்ல, முள்ளம்பன்றியா" என்றான். மறுநாள் காலை அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "எனக்கு எங்க முள்ளு இருக்கு?" என்று கேட்டார். எந்த இடத்தில் தொட்டாலும் இருக்கிறது என்று சொன்னேன்.

அதற்கப்புறம் கடையில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த ஆட்ட மெஷினை வரவேற்பறையில் கொண்டுவந்து மாட்டினார். உன் ஆட்டத்தை முழு விலை கொடுத்து வாங்கினார், புதிதாக ஒரு ஆட்டத்தை முழு விலைக்கு அவர் வாங்கியது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நம் வீட்டு இணையத்தில் அது இறங்க இரண்டு நாள் ஆனது, நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், முப்பத்தி நாலு, முப்பத்தி ஐந்து. "இந்நேரத்துக்கு நான் பிளாக்பர்னுக்கு நடந்தே போய் ஒரு வட்டு வாங்கிட்டு வந்திருப்பேன்" என்று வேறு. ஆட ஆரம்பித்தார். கரெக்டாகப் பத்தாவது நிமிஷம் கை தானாக மெஷினுக்குப் போய் வட்டை வெளியே எடுக்கும் பொத்தானைத் தேடியது. வட்டு இருந்தால்தானே வரும். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு திரும்பி வந்தது.

உன்மேல் எனக்கு ஒரு கோபம். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆடத் தெரியாத மனுஷன் என்று தெரிந்தும் அவரைப் பன்னிரண்டு மணி நேர ஆட்டத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தாயே, நியாயமா? உன் ஆட்டத்தில் தபால் சுமக்கும் அந்த முயல் குட்டியைத் தினமும் மத்தியானம் அவர் படுத்திய பாடு என் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை, ஒரே குளத்தில் நாற்பது தடவை விழுந்தது. டகி சொல்லிக்கொடுக்க வந்தால், "நீ பின்பக்கம் படிச்சவன்டா, நான் உள்ள போய்க்கிட்டிருக்கேன்" என்று விரட்டினார். ஐந்து வாரம் ஆனது. போன வெள்ளிக்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், "ஏம்மா, வந்துட்டேன், கடைக்கு வந்துட்டேன்" என்று கூப்பிட்டார்.

திரையில் நம் கடை மாதிரியே ஒரு கடை, கல்லாவில் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்ட முள்ளம்பன்றி, பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை, அது நான் தைத்துக்கொடுக்காத பொத்தான், என் மானத்தையும் சேர்த்து உலகத்துக்கே காட்டிவிட்டாய். முயல் தன் லாந்தரை விற்கக் கொடுத்தது. முள்ளம்பன்றி அதை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தது, ஊதியது, "பத்து நிமிஷம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றது. நிஜமாகவே பத்து நிமிஷம் உட்கார வைக்கிறாயே ஹேலி! அதற்காக ஊரெல்லாம் உன்னை இணையத்தில் திட்டுகிறார்கள் என்று டகி சொன்னான். உன் அப்பா திட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "சரியாத்தான் பாக்கறான், அவசரப்படுத்தக் கூடாது" என்றார். பத்து நிமிஷம் முடிந்து முள்ளம்பன்றி, "சரக்கு நல்லாத்தான் இருக்கு. எதுக்கு விக்கிற?" என்று கேட்டதும் அவர் எழுந்து போய்விட்டார். குப்பைத் தொட்டியை வைக்க.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கனடா டிக்கெட்டுக்குப் பணம் குறைகிறது என்று உன் ஆட்டம் முப்பத்தியொன்றையும் கடைக்குத் தூக்கி வந்தாயே, ஞாபகம் இருக்கும், இல்லாவிட்டால் இப்படிச் செய்திருக்கமாட்டாய். அத்தனையும் அவரே வாங்கிக் கொடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு விலை போட்டிருக்கலாம். கடைச் சட்டம் என்று ஒவ்வொன்றாகப் பத்துப் பத்து நிமிஷம் ஓட்டினார், பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து ஷட்டர் இறக்கும் வரை உன்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். சொந்த மகளிடம்கூட இவ்வளவு கறாரா என்று அன்று நான் வீட்டில் சண்டை போட்டேன். முப்பத்தியொன்றும் முடிந்த பிறகு இதே கேள்வியைத்தான் உன்னிடம் கேட்டார். அந்த மத்தியானம் சரக்கைப் பார்க்க இல்லை என்று உனக்கு அன்றே புரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஒரு முள்ளம்பன்றி வந்து சொல்லவேண்டியிருந்தது. துணியை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

இப்போது கேள். ஆட்டத்தில் அவர் முள்ளம்பன்றிக் கடையைத் தாண்டி ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அந்தத் தவளைக்கு என்ன கொடுத்தால் பாலத்தை இறக்கும் என்று தெரியவில்லை. இணையத்தில் பார்க்கமாட்டாராம், டகியைக் கேட்கமாட்டாராம். "இத பண்ணினவளையே கேட்டாப் போச்சு" என்று நேற்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அவராக நம்பரைச் சுழற்ற இன்னும் ஒரு வாரம் வீம்பு பிடிப்பார், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு நீ கூப்பிடும்போது நான் மாடிக்குப் போய்விடுகிறேன், போனை அவரே எடுக்கட்டும். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

நீயும் எட்டியெனும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், உன் முயலும் நாடெல்லாம் ஓடவேண்டும். தொப்பியை மறக்காதே. முக்கியமாக இன்னொன்று, பாலத்துக்கு வழியை எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே. பார்க்கிறேன் என்று சொல். வாரத்துக்குப் பத்து நிமிஷமாக இழு.

உன்னைப் பார்க்க ஏங்கும்
அம்மா,
ஜேனிஸ் ஆர்மரோட்