டைகரிடம் சொன்னது

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே ஆரம்பித்தாகிவிட்டது. மோட்டார் போட்டுவிட்டு மகிழினிக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். தொட்டி நிரம்பி வழிந்தது உண்மைதான். இறங்கி வந்து நிறுத்துவதற்குள் கீழ் வீட்டு வாசலிலிருந்து குரல்.

"டைகரு, தொட்டி ரொம்பி தெருவுல ஆறா ஓடுது. சில பேருக்கு காது இன்னாத்துக்கு கீது, தோடு மாட்டிக்கவா? நீயே சொல்லுடா."

டைகர் எங்கள் நாய். பெயர்தான் டைகர், விம்கோ நகர் ஸ்டேஷனில் ரயில் ஹார்ன் அடித்தால் படிக்கட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனிடம் பேசுகிறவள் என் ஓரகத்தி சொக்கம்மாள், அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. அவர்கள் கீழே, நாங்கள் மேலே. ஒரே மோட்டார், ஒரே குளியலறை, ஒரே நாய். இரண்டு வருடமாக அவளும் நானும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் டைகர் வழியாகத்தான்.

நான் சும்மா விடுவேனா? படிக்கட்டில் நின்று, "டைகரு, தொட்டி ரொம்பனத பாத்தவங்க ஒரு தபா சுவிட்ச அமுக்கினா கை தேஞ்சி பூடுமா, கேளுடா" என்றேன்.

அது இரண்டு பக்கமும் வாலை ஆட்டியது. பச்சோந்தி.

ஜூன் 11, புதன்

தெருமுனையில் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ புது பேனர் கட்டியிருக்கிறார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் சண்டையே பேனரில் பிறந்ததுதான். மகள் மகிழினியின் மஞ்சள் நீராட்டுக்குப் பெரிய பேனர் வைத்தோம். மாமன், மச்சான், என் கணவர் அன்புமணியின் கேரம் தோஸ்துகள், பல் முளைக்காத குழந்தைகள் என்று அத்தனை மூஞ்சியும் அதில் இருந்தது. பெரியம்மா சொக்கம்மாள் மட்டும் இல்லை. படங்களை அனுப்பியது இவர், அடித்தது கடைக்காரன், பழி என் தலையில். "கடைக்காரன் வுட்டுட்டான்க்கா, இதப் போயி பெருசா எடுத்துகினு" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் படுத்திருந்த நாயிடம், "டைகரு, நம்ப மூஞ்சி பேனர்ல போட்ற மூஞ்சி இல்லடா" என்றாள். அன்றிலிருந்து இப்படியே.

அந்த பேனர் கிழிந்து, யாரோ எடுத்துப் போய்க் கோழிக் கூண்டின் மேல் போர்த்திவிட்டார்கள். சண்டை மட்டும் புதுசாகவே இருக்கிறது.

ஜூன் 14, சனி

கம்பெனியில் இன்று எங்களுக்கு வகுப்பு. தலைப்பு: பிறர் மனம் நோகாமல் பேசுவது எப்படி. நான் கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். வரிசையில் உறுமிக்கொண்டு நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவில் கத்தாமல் பேசினால் எவனுக்குக் கேட்கும்? இதில் டிரைவர்கள் என் மேல் புகார் வேறு கொடுத்திருக்கிறார்களாம்.

பாடம் எடுத்தது பெனிஷா என்ற சின்னப் பெண். நல்ல பெண்தான். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தாள். ஒருவர் பேசும்போது மற்றவர் இரண்டு நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு வாய்த்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செல்வநாதன். "எனக்கு முட்டி வலிங்க" என்று ஆரம்பித்தார். "நல்லெண்ணெய் தேச்சு வெந்நீர் ஊத்துங்க" என்றேன். பெனிஷா சிரித்துக்கொண்டே, "மேடம், அவங்க இன்னும் முடிக்கல" என்றாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். நான் மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை அவர், "வுடுங்க, எனக்கு வலியே இல்ல" என்றுவிட்டார்.

வைத்தியம் சொன்னது ஒரு குற்றமா? என்ன வகுப்போ.

ஜூன் 19, வியாழன்

கீழே பொதுக் குளியலறை அலமாரியில் மகிழினிக்கு வைத்திருந்த நாப்கின் பாக்கெட் காலி. போன மாதமும் இதே கதை. "நான் எடுக்கலமா" என்கிறாள். அப்புறம் யார், டைகரா? சொக்கம்மாளாகத்தான் இருக்கும். அவளுக்கு அது எதற்கு? என்னைக் கடுப்பேற்றவே எடுத்துக் குப்பையில் போட்டிருப்பாள்.

"டைகரு, இந்த வூட்ல திருட்டுப் பூன ஒண்ணு பூந்துகீது. நீ குந்திகினு வேடிக்க பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

கீழேயிருந்து பதில் இல்லை. இந்த இரண்டு வருடத்தில் அவள் பதில் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை. நான் ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாலையில் காய்ந்த துணி எடுக்கக் கீழே இறங்கினேன். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து டைகரின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வருவது தெரிந்ததும் குரல் கொஞ்சம் ஏறியது.

"டைகரு, பொம்பளைக்கு ஒரு வயசுக்கு மேல ஒடம்பு சொன்ன பேச்ச கேக்காதுடா. யார்ட்ட சொல்றது, யாரு கேக்கறாங்க."

தொடங்கிவிட்டாள் நாடகத்தை. வீட்டு வேலையெல்லாம் அவள் தலையில், நான் மட்டும் சொகுசாக வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன் என்று குத்துகிறாள். எனக்குத் தெரியாதா அவளை? "டைகரு, ஒடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரிக்கு போவணும். நாய்கிட்ட சொன்னா நாயா வைத்தியம் பாக்கும்?" என்று சொல்லிவிட்டுத் துணியோடு மேலே வந்தேன்.

கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரியான பதில்தானே? கொஞ்சம் அதிகமோ.

ஜூன் 27, வெள்ளி

காற்றில் ஃபேக்டரி காஸ் நாற்றம். யார்டில் சர்வர் படுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு இல்லை என்கிறார் இவர். எல்லாரும் எங்கேயாவது போய்த் தொலைந்தால் தேவலை.

ஜூலை 2, புதன்

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

நாப்கின் மறுபடி குறைந்திருந்தது. மகிழினியைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னாள்: "பெரிம்மாதான்மா என்கிட்ட கேட்டு வாங்கிகினாங்க. உங்கம்மாகிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீ திருட்டுப் பூனன்னு கத்தினப்போ நான் இன்னா பண்றது?"

அவளுக்கு வயசு ஐம்பத்திமூணு. நின்னு போயி நாலு வருஷம் ஆவுது. எனக்குத் தெரியும் — என்கிட்டதான் முதல்ல சொன்னா. "தொல்ல வுட்டுச்சிடி குழலி"ன்னு சிரிச்சா. காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கியாந்து வறுத்துத் தின்னோம் அன்னிக்கு, எதுக்கு விருந்துன்னு ஆம்பளைங்க ரெண்டு பேருக்கும் சொல்லாம.

நின்னு போனது திரும்ப வரக் கூடாதே. வந்தா சும்மா இருக்கக் கூடாதே.

ஒடம்பு சொன்ன பேச்ச கேக்கலன்னாளே. அது எனக்குத்தான் சொன்னது. குரலை ஏத்திச் சொன்னா. நான் குத்தறான்னு நெனச்சேன். வேற யார்கிட்ட சொல்லுவா? பையன் நிதிஷ் காட்டுப்பள்ளியில் வேலை, அங்கேயே ரூம். அவள் புருஷன் தண்டபாணி போட் எஞ்சின் மெக்கானிக். எஞ்சின் லேசாக இருமினாலும் அவருக்குக் கேட்கும், பெண்டாட்டி இருமினால் கேட்காது. இந்த வீட்டில் இருக்கிற இன்னொரு பொம்பளை நான்தான். நான் இன்னா சொன்னேன்? நாயா வைத்தியம் பாக்கும்னு கேட்டேன்.

ஜூலை 3, வியாழன்

இரண்டு தடவை கீழே போனேன். யார்டில் அத்தனை டிரைவர்களையும் விரட்டுகிறவளுக்கு "அக்கா" என்ற ஒரு வார்த்தை மீன் முள்ளாய்த் தொண்டையில் நிற்கிறது. கடைசியில் என்ன செய்தேன்? "டைகரு, சாப்டாங்களான்னு கேளுடா" என்றேன்.

அவள், "டைகரு, சாப்டாச்சுன்னு சொல்லு" என்றாள்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

இவரிடம் சொன்னேன். "பொம்பளைங்க சமாச்சாரம், நீங்களே பேசிக்கங்க" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். பேசிக்கொள்ளத் தெரிந்தால் நான் எதற்கு உங்களிடம் வருகிறேன், மனுஷா?

ஜூலை 5, சனி

லீவு போட்டேன். முதல் வேலையாக டைகரை மொட்டை மாடியில் கட்டினேன். குரைக்காமல் இருக்க ஒரு எலும்புத் துண்டும் போட்டேன். பிறகு கீழே இறங்கி, தட்டாமல் கொள்ளாமல் நேரே உள்ளே போனேன்.

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் வாசல் பக்கம் போனது. நாயைத் தேடுகிறாள்.

"அவன் மாடில கீறான்க்கா. நான் உன்கிட்டதான் பேச வந்தேன். எத்தினி நாளா போவுது உனக்கு?"

பதில் சொல்வாள் என்று பார்த்தால், பேனர் கதையை எடுத்தாள். இரண்டு வருடம் கழித்து, இந்த நேரத்தில், பேனர்.

"பல்லு மொளைக்காத கொழந்த படம் கீது. உன் வூட்டுக்காரன்கூட கேரம் ஆட்றவன் படம் கீது. மகிழினி பொறந்தப்போ ஆஸ்பத்திரி வராண்டால குந்திகினு இருந்தது யாரு? கேரம் ஆட்றவனா? கடைக்காரன் வுட்டுட்டான்னு சொல்ற. வுட்டுப் போச்சுன்னு உனக்கு வலிச்சுதா? ஒரு தபா என் மூஞ்சியப் பாத்து, தப்பாப் போச்சுக்கான்னு சொன்னியா? தெரு முழுக்க கேட்டாங்கடி, உன் படம் எங்கன்னு."

கடைக்காரன், இவருடைய போன், அவசரம், என்மேல் தப்பில்லை — எல்லாம் என் நாக்கில் டிரெய்லர்கள் மாதிரி வரிசை கட்டி நின்றன. கேட்டைத் திறக்கவில்லை. செல்வநாதனின் முட்டி ஞாபகம் வந்தது. அந்த மனிதருக்கு எங்கே வலித்தது, எப்போதிலிருந்து வலித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் பேசி முடித்தாள். "தப்பாப் போச்சுக்கா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

இரண்டு நெத்திலியை ஆய்ந்து போட்டுவிட்டு, "ஏப்ரல்லேர்ந்து" என்றாள். "வருது, நிக்குது, திரும்ப வருது. பயமா கீதுடி."

"என்கிட்ட வந்து சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னேனே. டைகருகிட்ட சொன்னா உனக்குக் கேக்கும்னுதான் சத்தமா சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு போவணும்னு சொன்ன. யாரு இட்டுகினு போவாங்கன்னு கேக்கலியே நீ."

எதிரில் உட்கார்ந்து மிச்ச நெத்திலியை ஆய்ந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ராயபுரம் பக்கம் ஆஸ்பத்திரி. காலையில் போய் மதியம்தான் டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயது டாக்டரம்மா. "என்னம்மா பண்ணுது?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, "ஏப்ரல்லேர்ந்து கீதுன்னு சொல்லு குழலி" என்றாள். டாக்டர் அடுத்த கேள்வி கேட்டார். "வலியெல்லாம் இல்லன்னு சொல்லு குழலி."

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. டைகரைக் கட்டிப் போட்டால் அந்த வேலைக்கு என்னை வைத்துக்கொண்டாள். "அக்கா, நான் வாலாட்டிகினு நிக்க முடியாது. உன் ஒடம்பு, உன் வாயால சொல்லு" என்றேன். அக்கா முறைத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி ஆரம்பித்து, பாதியில் தலையை நிமிர்த்தி, எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குச் சொல்லாததையும் சொன்னாள். வலியும் இருந்திருக்கிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு வருடப் பேச்சை ஒரே வாரத்தில் பேசித் தீர்க்கிறாள். என் குழம்பில் புளி அதிகம். என் பெண்ணுக்கு நான் ரொம்ப இடம் கொடுக்கிறேன். நான் வளர்க்கும் ரோஜாச் செடி தண்டம். நாயிடம் பேசிக்கொண்டிருந்தபோதே நிம்மதியாக இருந்தேனோ?

ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை.

ஜூலை 24, வியாழன்

புற்று. ஆரம்பக் கட்டம்தான், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. முன்னாடியே. ஜூன் 24-ஐப் புரட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தண்டபாணி மாமாவிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம், என் புருஷன்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு அவர் வெளியே வந்து படிக்கட்டில் டைகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்றார்.

"நீங்க கேட்டீங்களா மாமா?"

அந்த மனிதர் இருந்த நிலையில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ? இல்லை. யாராவது கேட்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, டைகருக்குச் சோறு வைத்தாயா என்பதுதான். வைக்கவில்லை. மறந்தே போய்விட்டேன். தையல் போட்ட வயிற்றோடு அதற்கும் திட்டினாள்.

செப்டம்பர் 1, திங்கள்

பரவவில்லை என்று போன வாரம் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். இன்னும் குனிந்து நிமிரக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. வாய்க்கு மட்டும் டாக்டர் ஒரு கட்டுப்பாடும் சொல்லவில்லை.

காலையில் மோட்டார் போட்டுவிட்டு மகிழினிக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே கட்டிலிலிருந்து குரல்.

"அடியே குழலி, தொட்டி ரொம்பி ஆறா ஓடுது. காது இன்னாத்துக்கு கீது உனக்கு, தோடு மாட்டிக்கவா?"

"கேட்டுச்சிக்கா. வரேன்."

படிக்கட்டில் படுத்திருந்த டைகர் தலையைத் தூக்கிப் பார்த்தது. தன்னிடம் சொல்லவில்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொண்டது.