எரித்த மாத்திரைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். படியேறும்போது உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

நான் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டுத் துறைமுகக் கிடங்கில், நம் நாட்டில் செய்த மருந்துப் பெட்டிகளை ஒரு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த வழியாக வேறொரு ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. “போலி மருந்தா சார்?” என்று அதிகாரியிடம் கேட்டேன்.

“நல்ல மருந்துதான். ஆனா காப்புரிமை இந்த ஊர் கம்பெனிகிட்ட இருக்கே, வேற யாரும் செய்யக்கூடாது,” என்றார்.

நேற்று எல்லாவற்றையும் உலையில் போடச் சொன்னார்கள். நான்தான் போட்டேன். நீங்கள் சாப்பிடும் அதே இதய மாத்திரை. மனசு கேட்காமல் ஓர் அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டேன். வாசலில் பிடித்துவிட்டார்கள். அதையும் என் கையாலேயே போட வைத்தார்கள். வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள்.

போனில் எதையாவது பேசிப் பதிந்து அனுப்புங்கள். திட்டினாலும் சரி, அறையில் ஒரு குரல் கேட்கட்டும். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்