மூன்றாவது வரி வரை

பிப்ரவரி 3, திங்கள்

புது வீடு. பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, மனைவி போய் ஆறு வருடம், தனியாக இருக்கிறார். முப்பத்தொரு வருடம் டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுத்தவராம். நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனதும் முதல் வார்த்தை: "ஹேண்ட் பிரேக்கை லேட்டா போடுறீங்கம்மா. என் காலத்துல இதுக்கே ஃபெயில்." மனதுக்குள் 'டெஸ்ட்காரர்' என்று பேர் வைத்துவிட்டேன்.

மகள் வேறு தெருவில் இருக்கிறாள். போன மாதம் அப்பா ஒரு பாத்திரத்தைக் கருக்கிவிட்டாராம். "அவர் தனியா இருக்கலாமா கூடாதான்னு நீங்கதான் சொல்லணும் அக்கா" என்றாள். என் வேலையே அதுதான். வயதானவர்கள் வீட்டுக்குப் போய் எது முடிகிறது, எது முடியவில்லை என்று பார்ப்பது, முடியாததற்கு ஒரு வழி செய்து கொடுப்பது, கடைசியில் படிவத்தில் கையெழுத்துப் போடுவது.

கண் அட்டையை ஹாலில் மாட்டினேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தார். கண்: நன்று. காது: மிக நன்று. நடை: வேகம் குறைவு. ஷெட்டில் கார் தூசி படிந்து நிற்கிறது, இரண்டு வருடமாக எடுக்கவில்லையாம். கேட்டதற்கு, "வெளியில எவனுக்கும் ஓட்டத் தெரியல, நான் எதுக்கு இறங்கணும்?" என்றார்.

டீ போட்டுக் கொடுத்தார். ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டார். 'சுத்தம் குறைவு' என்று குறித்தேன். குடிக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

டெஸ்ட்காரர் வீட்டுக் குளியலறையில் கைப்பிடி, வழுக்காத பாய். படி விளிம்புகளில் மஞ்சள் டேப் ஒட்டினேன் என்று சொன்னதும், "மஞ்சள் கோடா? அப்ப ஓவர்டேக் பண்ணக் கூடாது" என்றார். சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சமையலறை. எங்கள் விதி தெளிவானது: தினமும் எடுக்கும் பொருளுக்குக் கை தோளுக்கு மேல் போகக் கூடாது. சர்க்கரை, டீத்தூள், உப்பு எல்லாம் மேல் தட்டில் இருந்தன. கீழே இறக்கி, பெரிய எழுத்தில் பேர் எழுதி ஒட்டினேன். மாத்திரைகளை இரண்டு சீசாவில் போட்டு வைத்திருந்தார், ஒன்றில் ஒரு ரப்பர் பேண்ட், இன்னொன்றில் இரண்டு. என்ன கண்றாவி இது! ஏழு நாள் பெட்டிக்கு மாற்றினேன், காலைக்கு வெள்ளை மூடி, இரவுக்கு நீலம். சீசா, ரப்பர் பேண்ட் எல்லாம் குப்பைக்குப் போயின. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது நன்றி சொன்னார்.

திருப்தியான நாள்.

பிப்ரவரி 13, வியாழன்

டீயில் உப்பு. மகளுக்கும் அதையே கொடுத்திருக்கிறார். 'குழப்பம்?' என்று கேள்விக்குறியோடு எழுதினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வேறு இரண்டு வீடுகள். ஒரு நாற்காலியின் உயரம் கூட்டினேன். விசேஷம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

"என் ரப்பர் பேண்டை எங்கம்மா போட்டீங்க?" மூன்று தடவை கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அப்புறம் டெஸ்ட், ஃபெயில் என்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. 'அற்பப் பொருள்மேல் பிடிவாதம். குழப்பம்.' இந்தத் தடவை கேள்விக்குறி போடவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

விழுந்துவிட்டார். இரவு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, தலை சுற்றி, சமையலறையில். நெற்றியில் நான்கு தையல். எலும்புக்கு ஒன்றுமில்லை. மகள் போனில் அழுதாள். "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு அக்கா. அவ்வளவு பெரிசா எழுதி ஒட்டியும் உப்பு எது, சர்க்கரை எதுன்னு தெரியல அவருக்கு."

நினைவு: மோசம் என்று நானும் எழுதினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

முதியோர் இல்லத்தில் அறை பார்த்துவிட்டார்கள். மார்ச் 15 முதல். என் படிவம் போனால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். அவரிடம் மகள் சொன்னபோது, "எத்தனை படி ஏறணும்?" என்று மட்டும் கேட்டாராம். "வேற ஒண்ணுமே கேக்கல அக்கா, சின்னப் பிள்ளை மாதிரி." பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதினொரு வருடத்தில் எத்தனையோ பேர் இப்படிப் போயிருக்கிறார்கள்.

மார்ச் 3, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

கடைசி மதிப்பீட்டுக்காகப் போனேன். முதல் வீட்டில் தாமதம், அதனால் அவசரம். கண் அட்டையைப் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடி வாசித்தார், மறு கண்ணை மூடி வாசித்தார், கடைசி வரி வரை ஒரு தவறில்லை. 'நன்று' என்று எழுதிவிட்டு அட்டையைக் கழற்றப் போனேன்.

அட்டை தலைகீழாக இருந்தது. பெரிய எழுத்து அடியில், பொடி எழுத்து மேலே.

திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் ஒரு கையால் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எவ்வளவு நாளா?"

"எது?"

"அட்டையைத் தலைகீழா மாட்டிட்டேன்."

கையை இறக்கினார். "இதே அட்டையை வெச்சுத்தானேம்மா முப்பத்தொரு வருஷம் ஆளுங்களைக் கேட்டேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

இரண்டு வருடம். காரை ஷெட்டில் போட்ட அந்த இரண்டு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்! மேல் தட்டில் இடமிருந்து இரண்டாவது சர்க்கரை. ஒரு ரப்பர் பேண்ட் காலை, இரண்டு இரவு. கோப்பை நிறைந்ததா என்று விரல்தான் சொல்லும். என் முகத்தைப் பார்த்ததே இல்லை, ஹேண்ட் பிரேக் சத்தத்தை வைத்துத்தான் வந்திருப்பது நான் என்று தெரியுமாம்.

அந்த வீட்டில் அவருக்குக் கண்ணாக இருந்தது அந்த வரிசைதான். அதை நான் ஒரே நாளில் கலைத்துப் போட்டேன். பேர் எழுதி ஒட்டினேனாம், பேர்! யாருக்கு? திருப்தியான நாள் என்று இந்த நோட்டில் எழுதி வேறு வெச்சிருக்கேன். என்னத்தைப் பார்த்தேன் நான்? அவருக்குக் கண்ணு தெரியல, சரி. எனக்கு என்ன கேடு?

"மககிட்ட சொல்லாதீங்கம்மா. கண்ணு போச்சுன்னா அங்க அனுப்பிடுவா."

"புத்தி போச்சுன்னும் அங்கதானே ஐயா அனுப்புறாங்க."

"புத்தி போச்சுன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

அவர் கோபித்திருந்தால் தேவலை. கோபிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸில் சொன்னேன். மேலதிகாரி படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்றார். யானை சறுக்கினால் வலி யானைக்கு. இங்கே நெற்றியில் தையல் வேறொருவருக்கு. இல்லத்துக்குப் போக இருந்த படிவத்தை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன், என் தவறு என்று எழுதி.

பதினொரு வருடம், ஒரே அட்டை. மனப்பாடம் பண்ணி வாசித்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ?

மார்ச் 6, வியாழன்

மகள் வந்தாள். அவரே சொல்வதாக ஏற்பாடு. வாயைத் திறந்தார், தொண்டையைச் செருமினார், "இன்னைக்கு வெயில் அதிகம்" என்றார். கடைசியில் நான்தான் சொன்னேன், ரப்பர் பேண்ட் உட்பட எல்லாவற்றையும்.

மகளுக்கு முதலில் என்மேல் கோபம். நியாயம்தான். அடுத்து அவர்மேல். "ரெண்டு வருஷமா என்னை ஏமாத்தினியாப்பா? நான் புதுசா முடி வெட்டிட்டு வந்து நிப்பேன், நல்லா இருக்கும்மான்னு சொல்வியே!"

"நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தாள். இல்லத்துக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம், ஆனால் அறையை ஏப்ரல் கடைசி வரை வைத்திருங்கள் என்றாள். மறு மதிப்பீடு வந்த பிறகுதான் முடிவு. அவளையும் குறை சொல்ல முடியாது, விழுந்தவரைத் தூக்கியது அவள்தான்.

மார்ச் 10, திங்கள்

சமையலறையைப் பழையபடி மாற்றினோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் வைத்தேன். "கொஞ்சம் இடப்பக்கம். இன்னும். நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்." ஒரு பெட்டி ரப்பர் பேண்ட் வாங்கிப் போயிருந்தேன். "இத்தனையா? நூறு வயசு வரைக்கும் மாத்திரை முழுங்கச் சொல்றீங்களா?" என்றார்.

தோள் விதியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டையே ஒரு சாண் கீழே இறக்கி அடித்தோம். வரிசையில் கை வைக்கவில்லை.

மார்ச் 19, புதன்

மகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், வலது கண்ணில் புரை நீக்கியாயிற்று. இடது கண்ணில் நரம்பு போய்விட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றாராம் டாக்டர். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். அதை மகள் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

மறு மதிப்பீடு. ஆபீஸில் வேறு வேறு அட்டைகளாக ஐந்து வாங்கியிருக்கிறார்கள். அவர் பார்த்தே இராத ஒன்றை எடுத்துப் போனேன். நேராக மாட்டியிருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். மகள் சமையலறை வாசலில் நின்றாள்.

இடது கண்ணை மூடிக்கொண்டார். முதல் வரி. இரண்டாம் வரி, மெதுவாக. மூன்றாம் வரியில் ஓர் எழுத்தைத் தவறாகச் சொல்லி, தானே திருத்தினார். நான்காம் வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அவர் கை முழங்காலை இறுக்கிப் பிடித்தது.

"தெரியல" என்றார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஃபெயில்தானேம்மா?"

"மூணு வரி ஐயா. அப்படியே எழுதிக்கிறேன்."

கண்: மூன்றாவது வரி வரை. நினைவு: மிக நன்று. தனியாக வாழ்தல்: உதவியோடு முடியும். கையெழுத்துப் போட்டு மகளிடம் காட்டினேன். அவள் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். பிறகு இல்லத்துக்குப் போன் போட்டு, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள்.

அவர் எழுந்து டீ போட்டார். இடமிருந்து இரண்டாவது டப்பா. ஊற்றும்போது விரல் கோப்பைக்குள் போனது. குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.